ஏழாவது ஆள்

பந்தாட்டம் என்றாலே திறமை, திறமை என்கிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. நாங்கள் ராயபுரத்தில் ஆடிய காலத்தில் திறமைக்கு ஒரு குறையும் இல்லை. குறைந்ததெல்லாம் ஆள்தான். பதினோரு பேர் ஆட வேண்டிய ஆட்டத்துக்கு ஒன்பது பேராகப் போவோம், எட்டுப் பேராகவும் போவோம். மீதிப் பேர் எங்கே என்றால், ஒருவன் கப்பலில் மூட்டை இறக்கிக்கொண்டிருப்பான், ஒருவன் திருவொற்றியூரில் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருப்பான், கடலுக்குப் போன இன்னொருவன் அன்றைக்குக் கரையே ஏறியிருக்க மாட்டான்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற விஞ்ச் ஓட்டினேன். எங்கள் கால்பந்து கிளப்பில் லெஃப்ட் பேக். எங்கள் கேப்டன்தான் கோல் கீப்பர். காசிமேட்டுக் கரையில் மீன் ஏலம் விடுகிற மனிதர். அவர் கோல் கம்பத்திலிருந்து ஒரு சத்தம் போட்டால் எதிர் அணிக்காரனும் திரும்பிப் பார்ப்பான். ரைட் அவுட்டில் ஆடியவன் என் மச்சான், என் தங்கையைக் கட்டியவன். பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி அவன் பந்தோடு கிளம்பிவிட்டால் பிடிக்க ஆள் கிடையாது. எல்லோரையும் போல அவனும் வெறுங்காலில்தான் ஆடினான். கணுக்காலில் ஒரு துணியைச் சுற்றிக்கொள்வான், அவ்வளவுதான்.

முதல் டிவிஷனில் எங்களோடு ஒரு கல்லூரி அணியும் இருந்தது. ஊரிலேயே வசதியான கல்லூரி. நல்லா ஆடுகிற பையன் எந்த ஊரில் இருந்தாலும் தேடிப் பிடித்து, ஸீட் கொடுத்து, ஹாஸ்டலில் சேர்த்துவிடுவார்கள். ஃபீஸ் கிடையாது. காலையில் பாலும் முட்டையும். சாயங்காலமானால் சொந்த மைதானத்தில் புல்தரையில் பயிற்சி. காலுக்குப் பூட்ஸ், அது நனைந்தால் மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி. பதினோரு பேர் ஆடும்போது இன்னும் ஏழெட்டுப் பேர் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு வயிறு எரிந்ததெல்லாம் அந்த பெஞ்சைப் பார்த்துத்தான். பூட்ஸ் இல்லாமல் ஆடிவிடலாம், முட்டை தின்னாமலும் ஓடிவிடலாம். ஆள் இல்லாமல் என்ன செய்வது?

லீக் ஆட்டங்கள் எல்லாம் வேலை நாளில், சாயங்காலம் நாலரை மணிக்கு. கல்லூரி விடுகிற நேரம், ஆபீஸ் ஆட்களுக்கும் தோது. ஷிப்டுக்குப் போகிறவனுக்குத்தான் இடி. ஒருமுறை நானும் கேப்டனும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு லீக் நடத்துகிற சங்கத்து ஆபீசுக்குப் போய், எங்கள் ஆட்டங்களை மட்டுமாவது ஞாயிற்றுக்கிழமை வையுங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இது அமெச்சூர் ஆட்டம்பா. ஆசைக்கு ஆடறது. நேரமில்லேன்னா எதுக்கு லீக்ல சேர்றீங்க?"

வெளியே வந்து படியில் இறங்கும்போது கேப்டன், "இன்னா நைனா சொல்றாரு இவுரு? நமக்கு ஆச இல்லியாமா?" என்று கேட்டார். காசு வாங்காமல் ஆடுகிறவன் அமெச்சூர் என்றால், அரைநாள் கூலியை விட்டுவிட்டு வந்து ஆடிய எங்களுக்கு என்ன பெயர் வைப்பார்களாம்?

அப்படியும் நாங்கள் முதல் டிவிஷனில் ஒட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் 'மாத்து'. ஒருவன் ஷிப்டை இன்னொருவன் வாங்கிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். பந்தாட்டமே ஆடாதவர்கள்கூட எங்களுக்காக மாத்து செய்தார்கள். மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரன் என்று பேட்டையே சேர்ந்து எங்களை மைதானத்துக்கு அனுப்பிவைத்தது. தோற்றுவிட்டு வந்தால் அவர்கள் முகத்தில் முழிக்கக் கூச்சமாக இருக்கும்.

அந்த வருஷம் பட்டியலில் கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தோம். பாக்கி ஒரே ஆட்டம், அதுவும் அந்தக் கல்லூரியோடு. டிரா செய்தால் தப்பித்துவிடலாம், தோற்றால் இரண்டாம் டிவிஷன். கல்லூரிக்காரர்கள் ஏற்கெனவே சாம்பியன் ஆகிவிட்டார்கள், அவர்களுக்கு அது வெறும் ஆட்டம். எங்களுக்கு அப்படி இல்லை. முதல் டிவிஷனில் ஆடுகிறவனைத்தான் ரயில்வேக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், பிடித்துப்போனால் நிரந்தர வேலை கொடுப்பார்கள். என் மச்சான் திருவொற்றியூர் ஃபேக்டரியில் வருஷக்கணக்காக டெம்பரவரி. கைக்குழந்தை வேறு. "டிவிஷன் பூட்ச்சுன்னா என்ன எவன் மாமு வந்து பாப்பான்?" என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் கடற்கரையில் கூடினோம். துறைமுகத்தில் இரண்டு கப்பல் ஒரே நேரத்தில் வந்து நின்றதால் எங்கள் ஆட்களில் நாலு பேருக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒருவனுக்குக் காய்ச்சல். எப்படி எண்ணிப் பார்த்தாலும் நிச்சயமாக வரக்கூடியவர்கள் ஆறு பேர்தான். ஏழு பேராவது இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்கக் கூடாது என்பது லீக் விதி. ஏழு இல்லையென்றால் ஆடாமலே தோல்வி.

மச்சான்தான் எழுந்தான். "நான் மாத்து வாங்கிகினு காலைல ஷிப்டுக்குப் போறேன். முடிஞ்சதும் சைக்கிள்ல வந்துர்றேன். நான் ஏழு. போதும்ல?" என்றான்.

"ஏழு பேரு போதுமா நைனா, அவனுங்க பதினோரு பேரு," என்றான் ஒருவன்.

கேப்டன் அவனை முறைத்தார். "ஏழு பேரும் கோலுக்கு முன்னால நின்னுக்கலாம். ஒண்ணும் போடாம ஒண்ணும் வாங்காம வந்தா அதான் நமக்கு தீவாளி." எல்லோரும் சிரித்தோம். நிஜமாகவே முடியும் என்று அன்றைக்கு நம்பினோம்.

மறுநாள் சென்ட்ரலுக்குப் பக்கத்து மைதானத்தில் ஆறு பேர் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றோம். எதிரே பதினோரு பேர், பெஞ்சில் ஒரு கூட்டம். ரெஃபரி விசில் ஊதிக் கூப்பிட்டார். மச்சானைக் காணோம். பார்க்க வந்தவர்கள் கைதட்டிக் கேலி செய்தார்கள். "மீதிப் பேரு மீன் புடிக்கப் பூட்டானுங்களா?" என்று ஒருவன் கத்தினான்.

கல்லூரிக் கேப்டன் ரெஃபரியிடம் போய், "கொஞ்சம் வெயிட் பண்ணலாம் சார், எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல," என்றான். நல்ல பையன். அவனை வெறுக்க வழியில்லாமல் போனதே எனக்கு எரிச்சல். காத்திருந்தோம். வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. பிறகு அவனே எங்கள் கேப்டனிடம் வந்தான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க ரிசர்வ் பையன் ஒருத்தனைத் தர்றேன். உங்க சட்டையைப் போட்டுக்கிட்டு ஓரமா நிப்பான். உங்க ஆள் வந்ததும் வெளிய வந்துடுவான். ஆட்டத்தை ஆரம்பிச்சுடலாம்."

ரெஃபரி வேறு பக்கம் பார்த்தபடி, "ரெண்டு பேருக்கும் சம்மதம்னா நான் ஒண்ணும் கேக்கல," என்றார்.

எங்கள் கேப்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வேணாம் சாமி. உன்கிட்ட ஆளு இரவல் வாங்கி ஆடற அளவுக்கு எங்க கிளப்பு கெட்டுப் பூடல. எங்க ஆளு வந்துகினே கீறான்," என்றார். அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது. அந்த பெஞ்சிலிருந்து ஒருவனை எங்கள் சட்டையில் நிறுத்திப் பார்க்க எனக்கு மனம் இல்லை.

பையன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டு மச்சானைத் திட்டத் தொடங்கினோம். "சோமாரி, எங்க பூட்டு குந்திகினான்?" "வழில எவன்கூடயாவது கத பேசிகினு இருப்பான்." "வரட்டும் இன்னிக்கி, தங்கச்சி புருசன்னுகூட பாக்க மாட்டேன்" என்று சொன்னவன் நான்.

கடைசியில் வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். மச்சானோடு ஃபேக்டரியில் வேலை செய்கிறவன். கேப்டன் ஏலக் குரலில் அங்கிருந்தே கத்தினார்: "எங்கடா அவன்? மெஷினக் கட்டிகினு அழுவறானா?"

வந்தவனுக்கு மூச்சு வாங்கியது. "அண்ணாத்த, அடுத்த ஷிப்டுக்காரன் லேட்டாத்தான் வந்தான். அவன் வராம மெஷின வுட்டு எறங்க முடியல. அப்பால நாங்க ரெண்டு பேரும் மிதிச்சிகினு வந்தோம். கேட்டு மூடிகினு இருந்திச்சி..." கேப்டன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "கூட்ஸ் வண்டிக்கு அடில பூந்தாம்பா. வண்டி நவுந்திடுச்சு."

வட சென்னைக்காரனுக்கு அந்த ரயில்வே கேட்டைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டாம். தண்டையார்பேட்டைப் பக்கம் துறைமுகத்துச் சரக்கு வண்டி ரோட்டை மறித்து நின்றால் எப்போது நகரும் என்று டிரைவருக்கே தெரியாது. மீன் கூடைக்காரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை, வேலைக்குப் போகிறவன் எல்லோரும் வண்டிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போவோம். நானே எத்தனையோ முறை போயிருக்கிறேன். யாரும் அதை ஆபத்தாகவே நினைத்ததில்லை. மச்சான் சைக்கிளை அந்தப் பக்கம் தள்ளிவிட்டுத் தானும் புகுந்திருக்கிறான். உடம்பு வெளியே வந்துவிட்டது. வலது கால் தண்டவாளத்தில் இருந்தபோது வண்டி இழுத்துவிட்டது.

கல்லூரி அணி வந்த வேனிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பையன்தான் டிரைவரைக் கெஞ்சிக் கூட்டிவந்தான். வேனில் மெத்தை வைத்த ஸீட். அதில் ஆறு பேரும் அழுக்குக் காலோடு உட்கார்ந்திருந்தோம். நான் அவனைத் திட்டிய வார்த்தை ஒவ்வொன்றும் எனக்குக் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். என் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். என்னைப் பார்த்ததும், "அண்ணே, அந்த மனுசன் காலாலதானே பொழச்சிகினு இருந்திச்சி," என்றாள். அவளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். ஆம்பளை அழக் கூடாது என்பதெல்லாம் கதைக்குத்தான் சரி.

ஆட்டத்தில் ஆடாமலே தோற்றோம் என்று எழுதிவிட்டார்கள். கல்லூரிக் கேப்டன் சங்கத்துக்குப் போய், இன்னொரு நாள் வைத்து ஆடுகிறோம், எங்களுக்கு அந்தப் பாயிண்ட் வேண்டாம் என்று கேட்டிருக்கிறான். ஒருவருக்கு இப்படிச் செய்தால் எல்லோரும் வந்து கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டாம் டிவிஷனுக்குப் போனோம். அடுத்த வருஷம் இன்னும் கீழே. பிறகு கிளப்பே இல்லை. என் தங்கை கூடை எடுத்துக்கொண்டு கரைக்குப் போய் மீன் வாங்கி விற்க ஆரம்பித்தாள். கேப்டன் தன் ஏலத்தில் அவளுக்கு மட்டும் நல்ல மீனாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுப்பார்.

ஆனால் எனக்கு இன்றும் தாங்க முடியாதது அதெல்லாம் இல்லை. ஆபரேஷன் ஆகிச் சில நாள் கழித்து, காய்ச்சல் விட்டு, மச்சான் தெளிவாகப் பேசத் தொடங்கினான். அவனைப் பார்க்க நானும் கேப்டனும் போனோம். வார்டு வாசலிலேயே தங்கை எங்களை மறித்தாள்.

"அந்த மனுசன் கேட்டா டிரான்னு சொல்லிடுங்கண்ணே. கால் போனது போச்சு, மேட்ச்சாவது நெஞ்சுல நிக்கட்டும்."

சரி என்றோம். மச்சான் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடுப்புக்குக் கீழே போர்வை. நான் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. நலம் விசாரித்து முடித்ததும் அவனே கேட்டான்.

"மேட்ச்சு இன்னாச்சு?"

"டிராதாம்பா," என்றார் கேப்டன். ஏலம் விடும்போது இருக்கிற குரலில் பாதிகூட இல்லை. "ஒண்ணுக்கு ஒண்ணு."

"மெய்யாலுமா? கோலு போட்டது யாரு?"

என்னவோ தோன்றி, "நான்தாண்டா," என்றேன்.

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் தங்கை முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. "நீயா மாமு? ஆயுசுல நடுக்கோட்டத் தாண்டி வந்தது கெடையாது, நீ கோல் போட்டியா?" என்று கேலி செய்தான். நானும் எப்படி ஓடினேன், எப்படி உதைத்தேன் என்று கையை ஆட்டிச் சொன்னேன். ஒரு நிமிஷம் எனக்கே அது நடந்த மாதிரி இருந்தது.

அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சிரிப்பு மெல்ல நின்றுவிட்டது. விரல்களை மடக்கி ஏதோ எண்ணினான்.

"ஏழாவது ஆளு யாரு?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் கேப்டனைப் பார்த்தேன்.

"நான் வரலேன்னா ஆட்டமே கெடையாதேன்னுதானே மாமு, கேட்டு தொறக்கற வரிக்கும் நிக்காம பூந்தேன்," என்றான் மச்சான். கோபமே இல்லாமல் சொன்னான். அப்புறம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தோத்தாலும் ஆடித் தோத்திருக்கலாம். யாரனா ஒருத்தன் கெடைக்கலியா? சும்மா நிக்கறதுக்கு ஒருத்தன்?"

கேப்டன் எழுந்து வெளியே போய்விட்டார்.