கக்கத்தில் கிரீடம்

எனக்கு நடிப்பு வருமா என்று யாரும் கேட்டதில்லை. குரல் இருந்தது, அது போதும் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். மலாயாவில், லாபு பக்கத்தில் நாங்கள் இருந்த தோட்டத்தில், மேட்டின் இந்தப் பக்கம் ரப்பர் மரம் சீவிக்கொண்டே நான் பாடினால், அந்தப் பக்கம் சீவுகிறவர்கள் என்னைத் திட்டுவது தெளிவாகக் கேட்கும். அவ்வளவு நல்ல குரல்.

மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் தோட்டத்தில் நாடகம் போடுவோம். அந்த வருஷம் ராஜா வேஷத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். வேஷம் கொடுப்பவர், எங்களை வேலை வாங்கும் கங்காணியார்.

“ரப்பர் பால்வாளி தூக்குற பயலுக்குக் கிரீடமா? சரி, கட்டிக்க. மறுநா காலையில பெரட்டுக்கு ஆள் வந்து நிக்கணும், சொல்லிட்டேன்” என்றார்.

எனக்கு விடிகாலையில் வரிசையில் நின்று பேர் கொடுக்கிற பெரட்டும் வேண்டாம், வாளியும் வேண்டாம். கடல் தாண்டித் தமிழ்நாட்டிலிருந்து வந்த நாடகக் கம்பெனி ஒன்று அப்போது சிரம்பானில் கொட்டகை போட்டிருந்தது. அதை நடத்தும் வாத்தியார் எங்கள் நாடகத்தைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் பார்த்த மாத்திரத்தில் என்னை ராஜபார்ட் ஆக்கிவிடுவார். “இனிமே மரம் சீவ நீங்க மட்டும் போங்கப்பா” என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

அப்பா சிரிக்கவில்லை. “மொதல்ல உக்காரக் கத்துக்கடா. எவன் வந்தாலும் உக்காந்திருக்கறவன்தான் ராசா” என்றார்.

உட்காருவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரையோ கங்காணியோ எதிரே வந்தால் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். கொட்டுகிற மழையாக இருந்தாலும் குடையை மடக்க வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நடக்கப் பழகியபோதே கூடப் பழகியது.

திருவிழாவன்று, கணக்கெழுதும் கிராணியின் ஆபீஸ் நாற்காலியில் சிவப்புச் சேலை போர்த்திய சிம்மாசனத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். தலையில் ஜிகினாத்தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம். “இந்தத் துரோகியை இழுத்துச் செல்லுங்கள்!” என்று நான் கர்ஜித்த நேரம் பார்த்து, வேடிக்கை பார்க்கத் துரை வந்தார். கூட்டம் விலகி வழிவிட்டது.

எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. பார்க்கிறேன், மேடையின் ஓரத்தில் தலை குனிந்து நிற்கிறேன். கிரீடம் கக்கத்தில். துரோகி மந்திரியும் விலங்கோடு வந்து என் பக்கத்தில் ஒதுங்கி நின்றார். பாவம், அவருக்கும் அதே வளர்ப்பு. நாடகத்தில் இது ஒரு கட்டம் என்று நினைத்துத் துரை கை தட்டினார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கம்பெனிக் கனவு கப்பலேறிவிட்டது என்று உள்ளுக்குள் அழுதேன்.

ஆனால் வாத்தியார் என்னைத் தேடி வந்தார். “இம்புட்டுப் பணிவா நிக்க என் ஆளுங்கள்ல ஒருத்தனுக்கும் வராது தம்பி. சேவகன் வேஷம் காலியா இருக்கு, வர்றியா?”

ரோஷமுள்ளவன் மறுத்திருப்பான். நான் மூட்டையைக் கட்டினேன். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு “தங்கள் சித்தம், மகாராஜா” என்பதுதான் என் கலையுலக வாழ்க்கை. அதையும் ஊருக்கு ஊர் வெவ்வேறு பாவனையோடு சொன்னேன். ஒருவரும் கவனிக்கவில்லை. அப்பாவுக்கு மட்டும், அடுத்தது ராஜாதான் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்து ஆட்களில் பலரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். டிக்கெட் வாங்க ஆளில்லாமல் எங்கள் ராஜபார்ட்டும் கப்பலேறினார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று நின்று பாடம் முழுவதும் மனப்பாடமாகியிருந்த ஒரே ஆள் நான். சிரம்பானில் கடைசி நாடகம். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

இந்த முறை துரை என்ன, கொட்டகையே தீப்பற்றினாலும் எழுந்திருப்பதில்லை என்று சபதம் செய்திருந்தேன். படுதா உயர்ந்தது. கிரீடத்தோடு நடந்து வந்து சிம்மாசனத்தை நெருங்கினேன். அப்போது தரை டிக்கெட்டில் ஒரே ஓர் ஆள் எழுந்து நின்றார். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

என் அப்பா.

“பெரியவரே, மறைக்குது, உக்காருங்க” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவர் காதில் விழவில்லை. ராஜா உட்கார்ந்த பிறகு உட்காரலாம் என்று நின்றார் போலிருக்கிறது. அப்பா நிற்கும்போது நான் எப்படி உட்காருவது? “உக்காருடா பாவி!” என்று படுதா மறைவிலிருந்து வாத்தியார் பல்லைக் கடித்தார். முட்டி மடங்கவில்லை. ராஜசபைக் காட்சி முழுவதையும் நின்றுகொண்டே ஆண்டு முடித்தேன்.

ஆட்டம் முடிந்து கொட்டகைக்குப் பின்னால் வந்தார். “இன்னும் உக்காரக் கத்துக்கலையேடா” என்றார்.

“நீங்க உக்காந்தீங்களாப்பா?” என்றேன்.

அவர் துண்டு இன்னும் கக்கத்திலேயே இருந்தது. அவர் கண் என் தலை மேல் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன். கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.