சமத் லோன் வீட்டுக்குக் கொண்டுவந்த அருவி

வைக்கோல் புரியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்து, பனியில் வழுக்காத செருப்பொன்றைச் சமத் லோனின் கைகள் பின்னிக்கொண்டிருந்தன. எதிரே உட்கார்ந்து அவர் மனைவி ஹாஜ்ரா நோட்டம் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் தளர்வா இருக்கு. பிரிச்சுப் பின்னுங்க."

சமத் முனகாமல் பிரித்தார். குளிர்காலம் முழுக்க வெளியூர்க்காரர்களை உறைந்த அருவிக்கு அழைத்துப் போவதுதான் அவர் பிழைப்பு. மனைவி மட்டும் அதைப் பார்த்ததே இல்லை. கேட்டால், "வழி வழுக்கும். அருவியையே கொண்டாந்து காட்டுறேன்" என்பார்.

நேற்று சொன்னபடி செய்தார். அருவியோரம் முழ நீளப் பனிக்கட்டி ஒன்றை உடைத்து, எதையும் வைத்துக்கொள்ளும் பழக்கத்தில் பெரனுக்குள் செருகினார். அந்த நீண்ட அங்கிக்குள் வயிற்றோடு அணைத்திருந்த கங்கிரி என்னும் கணப்புச் சட்டியின் தணல் அவர் நினைவில் இல்லை. குளிரில் மரத்த கால்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பெருமையாக அங்கியைத் தூக்கினார்.

ஹாஜ்ரா அவருடைய நனைந்த கால்சட்டையைப் பார்த்தாள். "என்னங்க, இந்த வயசுலயா?"

"அடியே, அருவிடி இது!"

"தெரியுது. இன்னும் கொட்டிக்கிட்டுதான் இருக்கு."

அவள் சிரித்த சிரிப்பு இன்று காலைவரை ஓயவில்லை. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் முடிங்க. மிச்ச அருவியும் உருகிடப் போகுது. ஊரார் கையெல்லாம் புடிக்கிறீங்கல்ல, இன்னைக்கு என் கையப் புடிங்க. கங்கிரி என்கிட்டயே இருக்கட்டும்."

சமத் கடைசி முடிச்சை இறுக்கி, செருப்பு இரண்டையும் அவளிடம் நீட்டினார்.