பூவில் விற்காத புளி

எங்கள் மலையில் புளிய மரம் பூத்ததுமே விலை பேசி முடித்துவிடுவார்கள். பூவைப் பார்த்து வியாபாரி ஒரு தொகையைக் கையில் வைப்பார். பழுத்ததும் அவரே ஆள் விட்டு உலுக்கிக்கொண்டு போவார். வைகாசி, ஆனியில் எங்களிடம் காசு இருக்காது, பள்ளிக்கூடம் திறக்கிற நேரம் வேறு. அதனால் அவர் கொடுப்பதைப் பேசாமல் வாங்கிக்கொள்வோம்.

போன வருடம் அந்த வியாபாரி வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பூ நேரத்தில் வரவே இல்லை. நான் அவரைத் திட்டாத திட்டில்லை. என் வீட்டுக்காரர் ரோடு போடும் வேலைக்குப் போனார். ரேஷன் அரிசியிலும் சாமைக் கூழிலும் எப்படியோ ஓட்டினோம். மாசியில் நாங்களே உலுக்கி, ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, மலைக்குக் கீழே ஆலங்காயம் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றோம். வழக்கமாக வருவதைப் போல மூன்று மடங்கு! ஒருவர் கால் உடைந்ததற்குச் சந்தோஷப்படுவது பாவம்தான். ஆனாலும் பட்டேன்.

அன்றைக்கு ஆளுக்கொரு பிரியாணி சாப்பிட்டோம். அதுவரை ஒன்று வாங்கி இரண்டாகப் பிரிப்பதுதான் பழக்கம். சாப்பிட்டு வெளியே வந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. எங்கள் வீட்டில் ஓட்டைக் கை என்னுடையது. நூறு ரூபாய் கிடைத்தால் வளையல், பிளாஸ்டிக் வாளி என்று அன்றைக்கே தீர்த்துவிடுவேன். நூறு ரூபாயைச் சேர்த்து வைத்து என்ன ஆகப்போகிறது? டீ குடிக்கக்கூட யோசிக்கிறவர் அவர். அந்த மனுஷன் நேராகப் போய் பைக் கடை வாசலில் நின்றுகொண்டார். எனக்கோ ஒரு நோட்டைப் பிரிக்கக்கூட மனசு வரவில்லை. இது கையில் இருந்தால் வருகிற ஆனியில் பூவை விற்க வேண்டாமே என்று தோன்றியதும் தலைகால் புரியவில்லை.

"இன்னாம்மே, நான் ஒரு வண்டி வாங்கக் கூடாதா?" என்றார்.

"வாங்கு. ஆனியில மறுபடி பூவ வித்துட்டு, அந்த வண்டியில ஏறி எங்க போவ?"

பஸ் ஏறும்வரை அவர் அந்தக் கடையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு மிக்சி, மகளுக்குக் கொலுசு, அவருக்கு ஒரு கைலி. மீதி முழுக்க பேங்குக்குப் போனது. அதற்குப் பிறகு தெருவில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் தொங்கிப்போகும். நான் பாஸ்புக்கைப் புடவைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அவரை நான் நம்பவில்லை, அதுதான் உண்மை.

இந்த ஆனியில் வியாபாரி லேசாக நொண்டிக்கொண்டே வந்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். வழக்கமான தொகையை நீட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கை தானாக நீண்டுவிட்டது! இத்தனை மாதம் பணத்தைக் கட்டிக் காத்தவள் நான். வெட்கமாகப் போய்விட்டது. என் வீட்டுக்காரர்தான் குறுக்கே வந்தார்.

"பழுக்கட்டும்ண்ணா. அப்பால வாங்க."

வியாபாரி சிரித்தார். கொஞ்சம் கூட்டிச் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வண்டியைக் கிளப்புவதற்குள் அவர் மூன்று தடவை விலையை ஏற்றிவிட்டார். நாங்கள் ஏற்றச் சொல்லி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.