காலியாக விட்ட அரைப் பக்கம்

தீர்மானப் புத்தகத்தில் கீழ்ப்பாதி எழுதாமல் விடப்பட்ட அந்தப் பக்கம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. விட்டவன் நான்தான். வேடசந்தூர்ப் பக்கம் ஓர் ஊராட்சியில் அப்போது நான் செயலர். அன்று காலை கிராம சபை தொடங்குமுன் தலைவர் என்னைத் தனியே அழைத்து, "அரைப் பக்கத்த சும்மா விட்டுட்டுக் கையெழுத்த வாங்குங்க. மிச்சத்த நாளைக்கு எழுதிக்கலாம்" என்றார். மிச்சம் என்னவென்று எனக்குத் தெரியும். ஊர்க் குளத்தை ஒட்டிய மேட்டில் தோல் பதனிடும் ஆலை வர ஊருக்குச் சம்மதம் என்ற தீர்மானம்.

திண்டுக்கல்லில் நான் பிறந்த தெருவின் கிணறு அப்படியோர் ஆலையின் கழிவால்தான் கெட்டது. வாளியை இறக்கினால் நுரையோடு ஏறும். ஆலை வருமுன் எங்களை யாரும் கேட்டதாக அப்பா சொன்னதில்லை. எல்லாம் தெரிந்தும் தலையாட்டினேன். என் இரண்டு பெண்களும் படித்துக்கொண்டிருந்தார்கள். வேலையைப் பற்றிய பயம்.

கூட்டம் முடிந்து புத்தகம் கைமாறி வந்தது. நாலாவது வார்டு உறுப்பினரான அக்கா, நூற்பாலையில் ஷிப்ட் முடித்து, தலையில் பஞ்சுத் துகளோடு நேரே வந்திருந்தார். பேனாவை என்னிடம்தான் வாங்கினார். கையெழுத்துப் போடாமல் பக்கத்தையே பார்த்தார்.

"இம்புட்டு இடம் எதுக்குத் தம்பி காலியாக் கெடக்கு?"

தலைவர், "அது கெடக்கட்டும்மா, நீ போடு" என்றார்.

"வெறுந்தாள்ல கையெழுத்துப் போட்டுத்தான் என் தங்கச்சிக்கு மில்லு வேலை போச்சு. நான் போட மாட்டேன்" என்றவர், காலியிடத்தின் குறுக்கே மூலைக்கு மூலை அழுத்தமாக ஒரு கோடு இழுத்தார். அதன் அடியில் தன் பெயரை எழுதினார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "தோல் பதனிடுற ஷாப்பு வருதுன்னு ஊரே பேசுது. பேசணும்னா இப்பவே பேசுவோம். எல்லாரும் இருக்கோம்ல?"

எழுந்து போனவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். மல்லிகைத் தோட்டக்காரர் ஒருவர், "கெணறு கெட்டா செடிக்கு எதைய்யா ஊத்துறது?" என்று கத்தினார். ஆலை வேண்டாமென்று கைகள் உயர்ந்தன. "எழுதுங்க தம்பி" என்றார் அக்கா. ஊருக்குச் சம்மதமில்லை என்று அடுத்த பக்கத்தில் எழுதினேன். எழுத எழுத நெஞ்சு ஏனோ லேசாகிக்கொண்டே போனது.

தலைவர் பல மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தீர்மானத்தின் நகலோடு அக்கா திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு நடையாய் நடந்தார். விடுப்பெடுத்த நாளெல்லாம் அதிலேயே போனது. அதிகாரிகள் வந்து குளத்தையும் கிணறுகளையும் பார்த்தார்கள். கடைசியில் ஆலைக்கு அனுமதியில்லை என்று கடிதம் வந்தபோது அதை ஊருக்குப் படித்துக் காட்டியவன் நான். என் தெருக்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று இவர்களுக்கு வாய்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன மழைக்குக் குளம் நிறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கரையில் அக்கா நின்றிருந்தார். அன்றைக்கு எனக்கு எல்லாம் முன்னமே தெரியும் என்பதை அப்போதுதான் சொன்னேன்.

"ஒங்க மூஞ்சியே சொல்லுச்சே தம்பி" என்று சிரித்தார். "நான் கோடு இழுக்கயில பேனாவப் புடுங்காம இருந்தீகள்ல, அது போதும்."

நூற்பாலை பஸ் வரும் நேரமென்று அவர் விறுவிறுவென்று நடந்துவிட்டார். நான் செருப்பைக் கழற்றிப் போட்டு, முழங்கால்வரை குளத்தில் இறங்கி நின்றேன்.