பஞ்சம்மாளும் சண்முகத்தாயும் பேசாத மாதங்கள்

பஞ்சம்மாள் ஏழாயிரம்பண்ணைக்கு வாக்கப்பட்டு வந்தபோது அந்தத் தெருவில் அவளுடைய பேச்சு தெரிந்தவள் சண்முகத்தாய் ஒருத்திதான். இருவரும் மேற்கே மலையடிவாரத்துப் பளியர் குடிகளில் பிறந்தவர்கள். பஞ்சம்மாளின் புருஷன் அருள்பாண்டியும் பளியன்தான். ஆனால் கீழேயே வளர்ந்தவன், தமிழ் மட்டும்தான் வரும். சண்முகத்தாய் அவனுடைய அண்ணன் மனைவி. பக்கத்து வீடு.

பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறியதும் இருவரும் தங்கள் பேச்சைத் தொடங்கிவிடுவார்கள். "எங்களத்தான வையுறீக?" என்று மற்ற பெண்கள் சிரிப்பார்கள். வேலை விட்டு வந்தால் வீட்டு வாசலிலும் அதே பேச்சு. பஞ்சம்மாளின் மூன்று வயது மகள் வேல்விழி இருவர் மடியிலும் மாறி மாறிக் கிடந்து, இரண்டு மொழியையும் கலந்து மழலை பேசினாள்.

அந்தத் தீபாவளி சீசனில், பட்டாசு மருந்து கலக்கும் ரூமில் அடிக்கடி தலை சுற்றுவதாகப் பஞ்சம்மாள் சண்முகத்தாயிடம் சொன்னாள். தங்கள் பேச்சில் சொன்னது வெளியே போகாது என்று நம்பினாள். சண்முகத்தாய் பயந்துபோய், அன்று சாயங்காலமே கொழுந்தனிடம் தமிழில் சொல்லிவிட்டாள்.

"நாளையிலேருந்து கம்பெனிப் பக்கமே போகாத. மதினி எல்லாத்தையும் சொல்லிட்டாக," என்றான் அருள்பாண்டி.

வேலை நின்றதைவிட, சண்முகத்தாய் சொல்லிவிட்டதுதான் பஞ்சம்மாளுக்கு வலித்தது. சண்முகத்தாயிடம் பேசுவதை நிறுத்தினாள். தவிர்க்க முடியாதபோது முகம் பார்க்காமல், "தண்ணி லாரி வந்திருக்கு, குடத்த எடுத்துட்டு வாங்க," என்று தமிழில் சொல்வாள். அந்த மரியாதை சண்முகத்தாய்க்குச் சுருக்கென்று தைத்தது.

மழை போய் வெயில் வந்தது. பஞ்சம்மாள் மகளிடம் தன் பேச்சில்தான் பேசினாள். ஆனால் வேல்விழி தமிழிலேயே பதில் சொன்னாள். ஒருநாள், தன் அம்மா மலையில் கிழங்கு தோண்டியதை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தோண்டுகிற கூர்க்குச்சிக்கு உள்ள சொல் வாயில் வரவில்லை. தெரிந்த சொல்தான். எவ்வளவு யோசித்தும் கிடைக்கவில்லை. அம்மா உயிரோடு இல்லை. கேட்பதற்குச் சண்முகத்தாயைத் தவிர யாரும் இல்லை.

பஞ்சம்மாள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். சண்முகத்தாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"கிழங்கு தோண்டுற குச்சிக்கு நம்ம பேச்சுல என்னது?"

சண்முகத்தாய் தலை நிமிராமல் அந்தச் சொல்லைச் சொன்னாள். பிறகு, "இதுக்கு மட்டும்தான் வந்தியா?" என்று தங்கள் பேச்சிலேயே கேட்டாள்.

அவ்வளவுதான். இத்தனை மாதக் கோபமும் பஞ்சம்மாளிடமிருந்து அதே பேச்சில் கொட்டியது. நம்பிச் சொன்னதை எப்படி அவனிடம் சொல்லலாம் என்று கத்தினாள். சண்முகத்தாயும் எழுந்து நின்று கத்தினாள்.

"நீ செத்துட்டா நான் யார்கூடப் பேச?"

பஞ்சம்மாள் பிள்ளையை இறக்கிவிட்டு, உட்கார்ந்து மீனை எடுத்துச் செதில் தேய்த்தாள்.

அடுத்த வாரம் சண்முகத்தாயே ஃபோர்மேனிடம் பேசி, மருந்து புழங்காத பேக்கிங் வேலையில் அவளைச் சேர்த்துவிட்டாள். அருள்பாண்டியும் சம்மதித்தான்.

ஒருநாள் காலையில் அவன் வேல்விழியை எழுப்பியபோது, அவள் கண்ணைத் திறக்காமலே பளியர் பேச்சில் அவனை நீளமாகத் திட்டினாள். அச்சு அசல் சண்முகத்தாயின் குரல்.

"என்னத்தச் சொல்லுதா இவ?" என்று கேட்டான் அருள்பாண்டி.

வாசலில் வேனுக்காக நின்ற இரண்டு பெண்களும் அதை அவனுக்குச் சொல்லவில்லை.