யோகநாதன் அண்ணை பார்த்த மண்மேடு

ஞாயிறு காலை லண்டன் மோர்டனில் பேருந்துக்காக நின்றிருந்தபோது யோகநாதன் அண்ணையின் மனைவி அழைத்தார். "அவர் போயிட்டார், தங்கச்சி. தேத்தண்ணி குடிச்சுப்போட்டுக் கதிரையிலை சாஞ்சு இருந்தவர். அப்பிடியே... ஒரு கஷ்டமும் படேல்லை." ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடக்க நேருமோ என்பதுதான் அண்ணையின் ஒரே பயம். அது நடக்கவில்லை என்ற நிம்மதியோடுதான் அழுதேன்.

நிலப் பரிசோதனை செய்யும் எங்கள் அலுவலகத்தில் நான் பொறியாளர். அவர் வரைபட அறையைப் பார்த்துக்கொண்டவர். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனி போய், பிறகு லண்டனின் தோர்ண்டன் ஹீத்துக்கு வந்து சேர்ந்தவர். மதுரைக்காரியான நானும் அவரை 'அண்ணை' என்றே அழைத்தேன். "எழுத்தைப் பிறகு வாசியுங்கோ, முதல்லை கோடுகளைப் பாருங்கோ" என்று அவர் சொல்வது கூட வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும்.

வேல்ஸ் மலைப்பகுதியில், ஒரு காலத்தில் நிலக்கரி வெட்டிய பள்ளத்தாக்கு ஒன்றில் ஆரம்பப் பள்ளி கட்ட இருந்தார்கள். நிலம் உறுதியானது என்று கையெழுத்திட்டு அறிக்கையை அனுப்பிவிட்டேன். மறுநாள் அண்ணை நூறாண்டு தாண்டிய வரைபடம் ஒன்றை என் மேசையில் விரித்தார். சம உயரக் கோடுகளுக்கு நடுவே நகமளவு மேடு ஒன்றைக் காட்டினார்.

"இது மலைச்சரிவோடை ஒத்துவரேல்லை. ஆரோ கொட்டின மண். கொட்டினதெண்டால் பக்கத்திலை தோண்டியிருக்கினம்."

"சுரங்கம்னு எந்த மேப்லயும் இல்லையே அண்ணை? நான் கையெழுத்தும் போட்டுட்டேன்."

"போட்டால் என்ன? திருப்பி எடுக்க ஏலும்தானே."

எடுத்தேன். மேலாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. துளையிட்டுப் பார்த்தபோது முதல் மூன்று இடங்களிலும் கெட்டிப் பாறை. நான்காவதில் கருவி சட்டென்று வெறுமைக்குள் இறங்கியது. விளையாட்டு மைதானம் வர இருந்த இடம் அது. தளத்திலிருந்து செய்தி வந்ததும் என் பழைய அறிக்கையை எடுத்துக் கையெழுத்தைப் பார்த்தேன். அண்ணை தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "ஒருத்தரும் விழேல்லை, தங்கச்சி. அது காணும். வேறென்ன வேணும்?"

பழைய சுரங்கக் குழியை நிரப்பி மூடினார்கள். பள்ளியைச் சற்றுத் தள்ளிக் கட்டினார்கள். அது திறந்த பிறகு அண்ணை மனைவியோடு ரயிலேறிப் போய், வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"பிள்ளையள் ஓடுகினம், விழுகினம், எழும்பித் திரும்ப ஓடுகினம். ரீச்சர் ஒருத்தி வந்து ஆரெண்டு கேட்டவ. சும்மா பாக்க வந்தனான் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்."

சந்தேகம் வந்தால் கையெழுத்திடும் முன்பே நிறுத்த வேண்டும் என்று கல்லூரியிலேயே படித்திருந்தேன். இட்ட பிறகும் நிறுத்தலாம் என்பது அண்ணை விட்டுப்போனது. அதை வைத்திருக்கிறேன்.