மொட்டைமாடியில் விரித்த அரக்குச் சேலை

அரக்கு நிறம், ஓரத்தில் மஞ்சள் கட்டம் போட்ட நூல் சேலை. நான்கு மூலையிலும் செங்கல் வைத்து ஆத்தா அதை மொட்டைமாடியில் விரித்திருந்தாள். மேலே இருந்து பார்த்தால் எங்கள் வீடு எதுவென்று எனக்குத் தெரிய வேண்டுமே, அதற்காக. ஏழு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, சின்ன விமானத்தில் தனியாக வந்து அந்தச் சேலையைப் பார்த்தேன். சேலைப் பக்கத்தில் ஆத்தா இல்லை.

அம்மாவை நான் ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். குன்றாண்டார்கோவில் பக்கம் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்து வேலைக்குப் போன பிறகு, விடுமுறை நாட்களில் பக்கத்து மாவட்டத்து விமானத் திடலில் இரண்டு பேர் உட்காரும் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பிழைப்புக்கு அல்ல, ஆசைக்கு. "சம்பளமும் கெடையாதாம், சும்மா ஓட்டிட்டு வாரானாம்" என்று சித்தி சிரிப்பாள். "மாடு மேய்ச்சவன் மகன் மானத்துல போறான், ஒனக்கு ஏன்டி எரியுது?" என்று ஆத்தா அவள் வாயை அடைப்பாள்.

அன்று எனக்குக் கொடுத்த பாதை எங்கள் ஊர் வழியாகப் போனது. காலையில் மேலே வருவேன் என்று முந்தின நாளே ஆத்தாவிடம் சொல்லியிருந்தேன். சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது கண்டிப்பான உத்தரவு. சேலையைக் கண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. தாழ இறங்கி, இறக்கையைச் சாய்த்து ஒரு வட்டம் போட்டேன். மாடியில் ஆளைக் காணோமே என்று யோசித்தபடியே திரும்பினேன். தரையிறங்கிப் போனை எடுத்தால் சித்தி அழுகிறாள். "ஒங்க ஆத்தா ஏணியிலேருந்து விழுந்துட்டாடா, காலு ஒடிஞ்சு போச்சு."

எப்படி விழுந்தாள் என்று நான் யாரையும் கேட்கவே இல்லை. விமானம் விழப்போகிறது என்று பதறி ஓடி இறங்கியிருக்கிறாள், வேறென்ன? காலில் தகடு வைத்தார்கள். அதன்பின் நான் திடல் பக்கமே போகவில்லை. கேட்டவர்களிடம் வேலை அதிகம் என்றேன். ஆத்தாவும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் இன்னும் வதைத்தது.

போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, பறந்த நேரத்தையெல்லாம் குறித்துவைக்கும் என் நோட்டு பரணிலிருந்து விழுந்தது. ஆத்தா தூசி தட்டிக்கொண்டே, "இதை ஏன்டா விட்ட? ஆபீசுல வேணாம்னுட்டாங்களா?" என்றாள். அடைத்து வைத்ததெல்லாம் வந்துவிட்டது. நான் தாழ இறங்கியதால்தானே நீ விழுந்தாய் என்றேன்.

அவள் முழித்தாள். "எங்கடா தாழ எறங்குன? ஒசரத்துலதான போன! அம்புட்டுப் பெரிய பிளேனு, வெள்ளை வெளேர்னு. கையை ஆட்டிப்புட்டு, ஒன் சித்திகிட்டச் சொல்லணும்னு அவசரமா எறங்குனேன். ஏணி வழுக்கிருச்சு."

"எத்தனை மணிக்கு?"

"பத்து மணி பஸ்சே அப்ப வரலையே."

நோட்டைப் புரட்டினேன். நான் திடலிலிருந்து கிளம்பியதே பத்து இருபதுக்கு. திருச்சிக்கு இறங்கப் போன ஏதோ பயணிகள் விமானத்தைப் பார்த்து நான்தான் என்று கையாட்டியிருக்கிறாள். நான் வட்டம் போட்டபோது அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

என் விமானம் ஒரு ஷேர் ஆட்டோ அளவுதான் இருக்கும் என்றேன். "அடப்பாவி! எவனுக்கோ கையாட்டியா நான் காலை ஒடிச்சுக்கிட்டேன்?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கும் தண்ணீர் வந்தது. எனக்காகத்தான் அவள் ஏணி ஏறினாள், அது மாறாது. இன்றும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறாள். ஆனாலும் ஏழு வருடத்தில் அன்றுதான் நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன்.

மறுபடி திடலுக்குப் போனேன். அன்று உத்தரவை மீறியதையும் பயிற்சியாளரிடம் சொன்னேன். திட்டினார், பிறகு பக்கத்தில் உட்கார்ந்தார். கை எதையும் மறக்கவில்லை. கால்தான் மறந்திருந்தது, விமானத்தைத் திருப்பும் மிதியைச் சரியாக அழுத்தத் தெரியாமல் ஓடுபாதையில் கோணல்மாணலாக ஓடினேன். பல வாரம் கழித்தே தனியாக விட்டார்.

போன ஞாயிறு ஊருக்கு மேலே வந்தேன். சொன்ன உயரத்திலிருந்து ஓரடிகூட இறங்கவில்லை. அறுப்பு முடிந்த வயலில் அதே சேலை, வெளுத்துப்போய். அதன் நடுவில் ஒரு புள்ளி.

இறங்கியதும் போன் செய்தேன். "மெதுவாத்தான் போச்சு, சாவகாசமாப் பாத்தேன்டா" என்றாள்.

"சேலை நடுவுல என்ன ஆத்தா?"

"நான்தான். செங்கல் எதுக்கு, நாற்காலியைப் போட்டு நானே அது மேல உக்காந்துட்டேன்."